பிந்தி விழும் அடி

என் தம்பி டயர் கடையில் வேலை பார்க்கிறவன், வீட்டில் மேளம் அடிக்கிறவன். மேளம் என்று சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "மேளம் இல்லக்கா, பீட்டு" என்பான். தலைவலிக்கு என்ன பெயர் வைத்தால் எனக்கென்ன?

நாங்கள் இருப்பது ஒரு சலவைக் கடைக்கு மேலே, இரண்டே அறை. கீழே இஸ்திரி நீராவி போட்டால் எங்கள் தரை சூடாகும். முன் அறையில் பாதி என்னுடையது, பாதி அவனுடையது. என் பாதியில் வெட்டுமேசையும் தையல் மெஷினும். நான் ஆல்டரேஷன் தைக்கிறவள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இளைத்தவருக்கு இடுப்பைப் பிடித்துக் கொடுப்பது, பெருத்தவருக்கு விட்டுக் கொடுப்பது. பிறத்தியார் இடுப்பை அளந்து அளந்தே என் இடுப்பு போய்விட்டது. என்னைக் கட்டினவர் ஒருநாள் சிகரெட் வாங்கிவரக் கிளம்பினார். இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார் போல. அதன் பிறகுதான் தம்பி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தான்.

அந்தப் பெட்டி இருக்கிறதே, அதன் மேலே சதுரம் சதுரமாக ரப்பர் கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு சத்தத்தை ஏற்றி வைத்திருப்பான், விரலால் தட்டினால் அது கேட்கும். சத்தங்களைப் பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுப்பான். எல்லா வாத்தியமும் அடங்கி டிரம் மட்டும் தனியாக ஒலிக்கிற இடம் ஒன்று எப்படியும் வருமாம். அது வரும்வரை தட்டைக் குடைந்துகொண்டே இருப்பான். கிடைத்ததும், நான் துணி வெட்டுகிற மாதிரி துண்டு துண்டாக வெட்டிக் கட்டைக்கு ஒன்றாக வைப்பான். தட்டின் கரகரப்பையும் சேர்த்தே வைப்பான். "அதைத் தொடச்சுட்டு எடுத்தா என்னடா?" என்றால், "தொடச்சா செத்துடும்க்கா" என்பான்.

இந்த ரக இசைக்குப் பெயரே பூம்-பாப். பெரிய டிரம்மின் தடித்த அடி பூம். அதற்குப் பதில் சொல்கிற மாதிரி வரும் சுள்ளென்ற அடி பாப். இரண்டுக்கும் நடுவே தகரத் தாளம் ஒன்று டிஸ் டிஸ் என்று ஓடிக்கொண்டே இருக்கும். அதை ஒன்று பலமாகவும் ஒன்று லேசாகவும் மாற்றி மாற்றி அடிக்க வேண்டுமாம்.

"எல்லாத்தையும் ஒரே பலத்துல அடிச்சா உன் தையல் மெஷின் மாதிரி ஆயிடும்க்கா."

"என் மெஷினை ஏதாவது சொன்ன, நாக்குல ஊசி ஏத்திடுவேன்."

அவனுடைய பாப்பில் மூன்று சத்தம் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கிறது. ஒன்று பழைய தட்டிலிருந்து எடுத்த டிரம். இன்னொன்று அவன் கடையில் சக்கரத்தின் ரிம் சிமென்ட் தரையில் விழுகிற சத்தம். மூன்றாவது என் பெரிய கத்தரிக்கோல் மூடுகிற சத்தம். என்னை ஒரு வார்த்தை கேட்டானா? கேட்கவில்லை. எங்கோ முகம் தெரியாத யாரோ காரில் போகும்போது என் கத்தரிக்கோலைக் கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அந்த பாப் எப்போது விழுகிறது என்பது. கம்ப்யூட்டர் திரையில் கோடு கோடாகக் கட்டம் போட்டிருக்கும். அடித்த அடியெல்லாம் புள்ளியாக அதில் வந்து உட்காரும். ஒரு பொத்தானை அமுக்கினால் முன்னேபின்னே விழுந்த அடிகளையெல்லாம் கம்ப்யூட்டரே இழுத்துக் கோட்டின் மேல் நிறுத்திவிடும். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்களாம். முதல் நான்கு சுற்றை மட்டும் அடித்துவிட்டு அதையே ஒட்டி ஒட்டி முழுப் பாட்டாக்கிவிடுகிறவர்களும் உண்டாம். என் தம்பி இரண்டையும் தொடமாட்டான். முதலிலிருந்து கடைசிவரை கையாலேயே அடிப்பான். இடது கை பூமுக்கு, வலது கை பாப்புக்கு.

"பூம் சொன்ன நேரத்துக்கு வரணும்க்கா. பாப்பும் வரும், ஆனா வேண்டா வெறுப்பா வரணும். அலாரம் அடிச்சப்புறமும் ஒரு நிமிஷம் படுத்துக் கிடப்போமே, அந்த மாதிரி."

அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் காலையில் எழுந்திருப்பதும் அப்படித்தான். பகல் முழுக்க கடகடவென்று அதிரும் ஏர் கன்னைப் பிடித்துச் சக்கரத்து நட்டுகளைக் கழற்றி மாட்டிவிட்டு வருகிறவன் பாட்டில் வேறு எதை வைப்பான்?

அப்புறம் அந்தத் துண்டு. பெட்டியைத் தட்ட உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் திரை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவான். நான் ஓரம் அடித்துக் கொடுத்த வெள்ளைத் துண்டுதான். கேட்டால், "பீட்டைக் காதால போடணும், கண்ணால போடக் கூடாது" என்பான். எனக்கு அது பிடித்திருந்தது. வாடிக்கையாளர்களிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், என் தம்பி திரையைப் பார்க்காமலே வேலை செய்கிறவன் என்று. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே.

இவன் பீட் போட்டால் அதன் மேல் ராப் என்று வார்த்தையைக் கொட்டுகிறவன் ஒருவன் இருக்கிறான். எல்லாரும் அவனை ஜட்ஜு என்றுதான் கூப்பிடுவார்கள். ஹோட்டலுக்குப் போனாலும் தீர்ப்பு, கல்யாணத்துக்குப் போனாலும் தீர்ப்பு. நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டுக்கே, "தோள்பட்டை அபாரம், பாக்கெட் பரவாயில்ல" என்று சொன்னவன். பகலில் கூரியர் வண்டி ஓட்டுகிறான். அவனும் தம்பியும் சேர்ந்து சில பாட்டுகளை வெளியிட்டபோது எங்கெங்கோ இருந்தெல்லாம் எழுதினார்கள். எல்லாரும் சொன்னது ஒன்றைத்தான். அந்த பாப் எவ்வளவு சோர்ந்து வருகிறது, வேலை முடிந்து மாடிப்படி ஏறுகிற ஆள் மாதிரி இருக்கிறது, இந்தக் கை வேறு யாருக்கும் வராது. தம்பி அதை எனக்குத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினான். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் அவனை அப்படிப் பாராட்டியதில்லை. அடுத்து ஒரு முழு ரெக்கார்டு போடுவது என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள்.

எனக்கு முதலில் தெரிந்தது காதால் அல்ல, காலால். அவன் அடிக்கும்போது நான் பக்கத்தில் தைத்துக்கொண்டிருப்பேன். நீளத் தையல் என்றால் அவன் பாப்புக்குத்தான் பெடலை மிதிப்பேன், கை வலி தெரியாமல் வேலை ஓடும். கொஞ்ச நாளாக என் கால் முந்திக்கொண்டு போனது. மிதித்துவிட்டுக் காத்திருப்பேன், அப்புறம்தான் பாப் விழும். தையல் கோணியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாகிவிடக் கூடாதென்று நான் முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். வயசாகிவிட்டதோ என்று எண்ணெய் போட்டுப் பார்த்தேன், மெஷினுக்கும் காலுக்கும்.

பிறகு ஒருநாள் தன் சட்டைகளையெல்லாம் கொண்டுவந்து என் மேசையில் போட்டான்.

"பட்டனையெல்லாம் எடுத்துட்டு பிரஸ் பட்டன் வச்சுக் குடேன்க்கா."

"எதுக்குடா? நல்லாத்தானே இருக்கு?"

"அதுதான் இப்ப ஸ்டைலு."

இத்தனை வருஷம் துணியோடு மாரடிக்கிறேன், எனக்குத் தெரியாத ஸ்டைலா? இருந்தும் வாயை மூடிக்கொண்டு தைத்துக் கொடுத்தேன். ஆனால் பார்க்க ஆரம்பித்தேன். காலையில் குழாய்த் தண்ணீர் பட்டதும் அவன் வலது கை விரல் நுனியெல்லாம் மெழுகு மாதிரி வெளுத்துப்போகும். பூட்டில் சாவி போட இடது கைதான். டீ டம்ளரை எடுக்கவும் இடது கைதான். ஒரு ஞாயிறு மத்தியானம் என் ஊசிப் பெட்டியைக் கீழே தள்ளிவிட்டான். குனிந்து பொறுக்கிக் கொடுத்தான், ஒரு ஊசி விரலில் குத்தி நின்றுகொண்டிருந்தது. குத்திய ஊசியோடே பேசிக்கொண்டிருக்கிறான், ரத்தம் வருகிறது, அவனுக்குத் தெரியவில்லை.

"டேய், கையைப் பாருடா!"

பார்த்தான். ஊசியைப் பிடுங்கினான். "ஓ" என்றான். அவ்வளவுதான்.

என்ன சொன்னாலும் கேட்கிற ஜென்மம் இல்லை. அழுது, திட்டி, சமைக்கமாட்டேன் என்று மிரட்டித்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டரம்மா அவனைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார், ஊசி முனையால் தொட்டார். தொட்டது தெரிந்தால் சொல்லச் சொன்னார். இடது கைக்கு உடனே உடனே சொன்னான். வலது கைக்கு ரொம்ப நேரம் சும்மா இருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அதிர்ற மெஷினை வருஷக்கணக்கா பிடிச்சா நரம்பு இப்படித்தான் செத்துப்போகும். போனது முழுசா திரும்பும்னு சொல்லமாட்டேன். ஆனா அந்தக் கன்னை இன்னைக்கே கீழ வச்சா இருக்கறதையாவது காப்பாத்தலாம். வைக்கலைன்னா கொஞ்ச நாள்ல அந்தக் கை ஒண்ணுத்துக்கும் உதவாது" என்றார்.

வெளியே வந்ததும் தம்பி சொன்னான், "ரெக்கார்டு முடியட்டும்க்கா. முடிஞ்சதும் விட்டுடறேன்."

ரெக்கார்டுக்கும் கன்னுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு விளங்கவில்லை. வேலை போய்விடும் என்று பயப்படுகிறான், அதை மறைக்க எதையோ உளறுகிறான் என்று நினைத்தேன். தினமும் காலையில் பிரஸ் பட்டனை டக் டக்கென்று மூடிக்கொண்டு கிளம்புவான். போகிறவன் முதுகைப் பார்த்து, சுவர் இருந்தால்தானேடா சித்திரம் என்று கத்துவேன். படியிறங்கிப் போய்க்கொண்டே இருப்பான். சாயங்காலம் செத்த பிணம் போல வந்து, முகம் கழுவி, துண்டைத் திரை மேல் போட்டுவிட்டு உட்காருவான். கத்திக் கத்தி எனக்கும் அலுத்துவிட்டது. அந்த வீட்டில் யாருக்கும் எதற்கும் தெம்பு இல்லாத மாதங்கள் அவை.

இவன் சொன்னால் கேட்கமாட்டான், இவன் சிநேகிதன் சொன்னால் கேட்பான் என்று ஜட்ஜுவைத் தேடிப் போனேன். போகிற வழியில்தான் என் கால் முந்தியதும் அவன் விரல் மரத்ததும் ஒரே கதை என்று எனக்கு உறைத்தது. கூரியர் கிடங்கு வாசலில் வண்டியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நீங்கெல்லாம் பாணி பாணின்னு கொண்டாடறீங்களே, அது பாணி இல்லடா. வியாதி. அவன் கை செத்துக்கிட்டு இருக்கு. விரல் சொன்னதைக் கேக்கறதுக்குள்ள நேரம் போயிடுது, அதான் பாப் பிந்தி விழுது. நீயாவது அவனுக்குப் புத்தி சொல்லு."

ஜட்ஜு கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான். அவன் தீர்ப்பு சொல்லாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தெரியும்க்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"அவன் அனுப்பற சத்தமெல்லாம் எனக்குத் தனித்தனியா வரும். திரையில வச்சுப் பாத்தா, பாப் கோட்டை விட்டு எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியும். மொதல்ல ஒரு மயிரிழைதான். பாட்டுக்குப் பாட்டு தள்ளிக்கிட்டே போச்சு. இடது கை அடிக்கற பூம் மட்டும் அப்படியே இருந்துது. அப்பவே ஏதோ சரியில்லைன்னு பட்டுச்சு."

"பட்டுச்சா? பட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்தியா?"

"கேக்க நல்லாருந்துச்சுக்கா."

பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டேன். நீயெல்லாம் மனுஷனா, உன் பாட்டுக்கு என் தம்பி கைதான் கிடைத்ததா, நாளைக்கு அவனுக்கு நீ வந்து சோறு ஊட்டிவிடுவாயா என்றேன். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

வீட்டுக்கு வந்தபோது தம்பி துண்டைப் போட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். ரெக்கார்டின் கடைசிப் பாட்டு. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உன் ஜட்ஜு லட்சணம் தெரியுமா? உன் கை போறது தெரிஞ்சே ஊமைக் கோட்டான் மாதிரி இருந்திருக்கான், பாவி!"

தம்பி தட்டுவதை நிறுத்தினான். என் பக்கம் திரும்பவில்லை.

"அவனைத் திட்டாதக்கா. துண்டை எதுக்குப் போட்டேன்னு நெனச்ச?"

எனக்கு உடனே புரியவில்லை.

"போன குளிர் காலத்துல ஒருநாள் திரையில பாத்தேன். சரியாத்தான் அடிச்சேன், கோட்டைத் தாண்டி நின்னுச்சு. திரும்ப அடிச்சேன், திரும்பவும் அப்படியே. அன்னைக்குத்தான் உன்கிட்ட துண்டு கேட்டேன்."

நான் அந்தத் துண்டுக்கு ஓரம் அடித்தது எனக்கு ஞாபகம் இருந்தது. சந்தோஷமாக அடித்துக் கொடுத்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று இன்னொரு நாளாக இருந்தால் கேட்டிருப்பேன்.

"தெரிஞ்சுமா கன்னைத் தூக்கிக்கிட்டுப் போற?"

"கை சரியாச்சுன்னா பாப் நேரத்துக்கு வந்துடும்க்கா. நேரத்துக்கு வர்றவன் ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான். இது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு." அவன் குரலில் கோபம்கூட இல்லை. "டயர் மாட்ட யார் வேணா வரலாம். இதைக் கேட்டா என்னைத்தான் கேப்பாங்க."

போய்த் துண்டை இழுத்துக் கீழே போட்டேன். திரை முழுக்கப் புள்ளிகள். அவன் எனக்கு எப்போதோ காட்டியிருக்கிறான், எந்த வரிசை பூம், எந்த வரிசை பாப் என்று. பூம் கோட்டின் மேல் ஒழுங்காக நின்றது. பாப் ஒவ்வொன்றும் கோட்டைத் தாண்டி, அடுத்த தகரத் தாளத்தின் மேல் இடிக்கிற மாதிரி நின்றது. வரிசையின் நடுவே ஓரிடத்தில் பாப்பே இல்லை. வெறும் கட்டம்.

"இங்க எங்கடா?"

"அது வேணும்னே விட்டேன்."

"விட்டியா, விழலையா?"

அவன் வலது கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான்.

"இப்ப அடி. என் கண்ணு முன்னாடி அடி."

வலது கையைத் தூக்கிப் பாப் கட்டையின் மேல் விரலை இறக்கினான். விரல் ரப்பரைத் தொட்டதை நான் பார்த்தேன். சத்தம் வரவில்லை. மறுபடி இறக்கினான். அப்போதும் வரவில்லை. அவன் என்னைப் பார்த்தான். "அடிச்சேனேக்கா" என்றான். சின்ன வயசில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அதே முகம். மூன்றாவது தடவை மணிக்கட்டோடு சேர்த்துக் குத்தினான். அப்போதுதான் விழுந்தது, என் கத்தரிக்கோலும் ரிம்மும் எல்லாம் சேர்ந்து, பலவீனமாக. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது. இரண்டு பேரும் அழுதோம். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, அழத்தான் அழுதோம்.

மறுநாள் அவன் கன்னைத் தொடவில்லை. கன் பிடிக்காத ஆள் எனக்கு எதற்கு என்று முதலாளி சொல்லிவிட்டார். பெரிய கடையொன்றின் கார் நிறுத்தும் இடத்தில் வேலை கிடைத்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கார் வந்தால் பொத்தானை அமுக்கித் தடுப்புக் கட்டையைத் தூக்க வேண்டும். உட்கார்ந்தே இருக்கிற வேலைதான். ஆனால் டயர் கடையிலிருந்து வரும்போது இருந்ததைவிட அதிகமாகக் களைத்து வந்தான். பெட்டி பக்கம் போகவே இல்லை. என் தையல்தான் தனியாக ஓடியது.

ரெக்கார்டு வெளிவந்தது. கடைசிப் பாட்டில் அந்த வெறும் கட்டத்தை ஜட்ஜு அப்படியே விட்டிருந்தான். சரியாக அந்த இடத்தில் அவனும் வாயை மூடிக்கொண்டு ஒரு மூச்சு நேரம் நின்றிருந்தான். கேட்டவர்கள் அந்த ஒரு இடத்தைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எவ்வளவு துணிச்சல், எவ்வளவு யோசித்து விட்டிருக்கிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். தம்பி எனக்குப் படித்துக் காட்டவில்லை. ஜட்ஜுதான் படித்துவிட்டு, "இதுக்கு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்க்கா" என்றான். அவனை நான் மன்னித்தேனா என்று கேட்காதீர்கள். சாப்பாடு போட்டேன்.

மழைக்காலம் முடிந்த ஒரு விடுமுறை நாள், நான் கர்ட்டன் ஒன்றுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். தம்பி பெட்டியின் தூசியைத் தட்டினான். உட்கார்ந்தான். துண்டைத் தேடவில்லை, ஆனால் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"அக்கா, நீ பாத்துச் சொல்லு. எங்க விழுதுன்னு."

அடித்தான். பூம், பாப். பூம், பூம், பாப். பழைய பலம் இல்லை. எதுவும் விட்டுப்போகவில்லை. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே போனேன். கோட்டின் மேல் விழுகிறது என்று சொன்னால் கை தேறிவிட்டது, ஆனால் பாட்டு போய்விட்டது. கோட்டைத் தாண்டி விழுகிறது என்று சொன்னால் பாட்டு இருக்கிறது, கைதான் தேறவில்லை. இவனுக்கு எதைச் சொன்னால் நல்லது? தெய்வமே, என்னிடம் ஏன் கேட்கிறான் என்று இருந்தது.

"கொஞ்சம் பிந்திதான்டா விழுது" என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன்.

"எவ்வளவு?"

"முன்ன மாதிரி இல்ல. ஒரு மயிரிழை."

அவன் தட்டிக்கொண்டே இருந்தான். முகத்தில் லேசாகச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

"அது கை இல்லக்கா. அது நான். நான்தான் பிந்தறேன்."

"சரிடா" என்றேன். போய் டீ போட்டுக்கொண்டு வந்து அவன் வலது கைப் பக்கமாகவே டம்ளரை வைத்தேன். பீட்டை நிறுத்தினான். இடது கையை நீட்டி எடுத்துக் குடித்தான்.